அயல்நாட்டவர், தாய்மொழி: தமிழ்



அயல்நாட்டில் பயின்ற மாணவ வாழ்வைப் பற்றி உரையாற்றுமாறு மன்றத்தார் பணித்தனர். மொழியியலாரை அழைத்து விடுதிச் சோற்றைப் பற்றிப் பேசச் சொல்வது புதுமைதான். ஆயினும், மொழியியலில் நாங்கள் கற்றவற்றுள் பாதி விடுதி உணவுக்கூடத்தில் கற்றவையே ஆதலால் மறுக்கவில்லை.

இவ்வுரையில் தன்மை ஒருமைக்கு இடமில்லை. 1979ஆம் ஆண்டு மலேசியாவிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு மொழியியல் பயிலச் சென்ற நாங்கள் மூவர். இருவர் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும் ஒருவர் கெடாவிலும் பிறந்தவர்கள். ஓர் அறையில் தங்கினோம். ஒரே வாளியை முறை வைத்துப் பயன்படுத்தினோம். நேர்ந்தவை மூவர்க்கும் நேர்ந்தவை. செய்த பிழையும் மூவரும் கூடிச் செய்ததே.

பினாங்கில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏறினோம். கப்பலின் பெயரும் செல்லும் ஊரின் பெயரும் ஒன்றாக இருந்ததை நற்குறியாகக் கொண்டோம். சென்னையிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் சிதம்பரம் சேர்ந்து, அண்ணாமலைநகருக்குக் குதிரைவண்டியில் சென்று இறங்கினோம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரியில் 'அயல்நாட்டவர்' என்று எழுதினோம். அதற்குச் சற்றுக் கீழே, தாய்மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதினோம். எழுதும்போது அவ்விரு வரிகளுக்கும் இடையே முரண் இருப்பதாகத் தோன்றவில்லை. முரண் முதல்நாள் காலையில் உணவுக்கூடத்தில் தொடங்கியது.

இட்டலியும் கத்திரிக்காய்க் கொத்சும் பரிமாறினார்கள். கொத்சு சிதம்பரத்திற்கே உரிய பண்டம். அதன் சுவை பற்றித் தனியே ஓர் உரை ஆற்றலாம். அருகில் வந்து அமர்ந்த மாணவரிடம் மரியாதையாக, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டோம். அவர் சற்றுத் திகைத்து, "இன்னும் பசிக்குதே" என்றார். நமக்குப் பசியாறல் என்பது காலை உணவு. அவருக்கோ அது பசி அடங்குதல் என்ற பொருளை மட்டுமே தந்தது. பால் கலவாத காப்பி வேண்டி, "கோப்பி ஓ" என்றோம். பரிமாறுபவர், "ஓ, ஓன்னா என்ன தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். அந்த 'ஓ' கறுப்பைக் குறிக்கும் ஹொக்கியன் சொல் என்பதை நாங்களும் அன்றுவரை எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். "எங்க கம்பத்துல" என்று ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "மதுரைப் பக்கம் கம்பமா? அப்படியானால் மலேசியா என்று ஏன் சொன்னீர்கள்?" என்றார் மற்றொருவர். தந்தையார் அனுப்பிய பணத்தை 'முந்நூறு வெள்ளி' என்று கூறி, வெள்ளிக் கட்டி வைத்திருக்கும் செல்வர்கள் என்ற பெயரையும் ஒரு வாரம் சுமந்தோம்.

அச்சிரிப்பில் பகை இல்லை. ஆயினும் இருபது வயதில் எந்தச் சிரிப்பும் சுடும். பாதுகாப்பு வேண்டி நூல்தமிழுக்குள் புகுந்தோம். "எங்களுக்கு இன்னும் சிறிது சோறு வேண்டும்" என்று சொன்னோம். சிரிப்பு முன்னினும் பெரிதாயிற்று. "வானொலிச் செய்தி வாசிக்கிறார்கள்" என்று பக்கத்து மேசைக்கும் செய்தி பரவிற்று.

இங்கே சற்று நின்று இதன் காரணத்தைப் பார்ப்போம். 1959இல் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையை முதற்பருவத்திலேயே படித்தோம். ஒரு மொழிச் சமூகத்தில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மற்றொரு வழக்கு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தினால் நகைப்பு எழும். இது பாடம். பாடத்தில் தெளிவாகச் சொல்லப்படாத ஒன்றை உணவுக்கூடம் சொல்லித் தந்தது. மேல் வழக்கு கடல் கடந்தும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்; கீழ் வழக்கு இடந்தோறும் வேறுபடும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற நூல்தமிழும் லயத்தில் பேசிய தமிழும் எங்களிடம் இருந்தன. அண்ணாமலைநகரில் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் தமிழ் எங்களிடம் இல்லை. தமிழ் பேசத் தெரிந்தும் பேச ஒரு தமிழ் இல்லாதவர்களாக இருந்தோம்.

அதனைப் பழகிக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. பழகியது பேச்சை மட்டுமன்று. புழுங்கலரிசிச் சோறு பழகிற்று. பெலாச்சான் இல்லாத உணவு பழகவே இல்லை. வீட்டிலிருந்து வந்த சம்பல் புட்டியைத் திறந்த நாளில் அடுத்த அறையார் எலி செத்துக் கிடப்பதாக விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டனர். வாடகை மிதிவண்டியில் தேரோடும் வீதிகளைச் சுற்றினோம். விடுமுறையில் அனைவரும் ஊருக்குச் சென்றபின், விளக்கில்லாத தாழ்வாரத்தில் மூவரும் அமர்ந்து மங்கு, ரோத்தான், கித்தா, சப்பாத்து என்று நம் சொற்களை ஆசை தீரப் பேசினோம்.

வகுப்பில் ஒருநாள் தன்மைப் பன்மை பற்றிய பாடம். முன்னிலையாரையும் உளப்படுத்துவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை என்றார் பேராசிரியர். மலாயில் உண்டு என்றோம். 'கீத்தா' என்றால் நாம். 'காமி' என்றால் நாங்கள். (ரப்பரைக் குறிக்கும் நம் கித்தா வேறு, அது கெத்தா என்ற மலாய்ச் சொல்லின் வழி வந்தது.) பேராசிரியர் மகிழ்ந்து, கரும்பலகையில் எழுதி விளக்குமாறு எங்களை அழைத்தார். வேற்றிடத்தார் என்பது குறையாகாமல் உடைமையான முதல் நாள் அது.

பொங்கலுக்கு வகுப்புத் தோழர் ஒருவர் தம் சிற்றூருக்கு அழைத்தார். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்றார். அவ்வீடு எங்களுடையதன்று, இலக்கணப்படி 'எங்கள் வீடு' என்பதே பொருந்தும். விருந்தினரை உள்ளே இழுத்துக்கொள்ளும் தமிழ் வழக்கு இது. அங்கே அவருடைய பாட்டியார் வீட்டை 'ஊடு' என்றார். எங்கள் பாட்டிமாரும் அப்படியே சொல்வார்கள். தோட்டத்துக் கொச்சை என்று நாங்கள் நாணிய ஒலிப்பு, காவிரிப் படுகையின் வயல்வெளியில் நாணமின்றி நடந்துகொண்டிருந்தது.

பின்னர் நாகூருக்கும் சென்றோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர்த் தர்கா என்ற பெயரில் கட்டடங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் சாலையில் இருப்பது 1828ஆம் ஆண்டுக்கும் 1830ஆம் ஆண்டுக்கும் இடையே எழுப்பப்பட்டது. நாகூர்க் கடைத்தெருவில் ஒரு முதியவர் எங்களைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா வாப்பா?" என்றார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிதம்பரத்தில் நகைக்கப்பட்ட சொல், சில மணி நேரப் பயணத் தொலைவில் முஸ்லிம் மக்களின் வீட்டுச் சொல்லாக உயிரோடு இருந்தது. கப்பலில் சென்று திரும்பிய வணிகர் நாவில் அது எத்திசையில் எத்தனை முறை பயணம் செய்தது என்பதை யார் கூறவல்லார்? சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் தந்தார். இடம் தராதவர்கள் நாங்களே.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம்.

1980இல் எங்களுள் ஒருவருக்கு அவருடைய தாயாரிடமிருந்து வான்மடல் வந்தது. எவருக்கு என்பதைப் பிரித்துக் கூற வேண்டியதில்லை. பால்வெட்டு முடிந்து வந்தபின், விளக்கு வெளிச்சத்தில், அம்மையார் தம் கையாலேயே எழுதியது. மழையால் பத்து நாள் வெட்டு இல்லை என்றும், மங்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டது என்றும், தங்கை பள்ளியில் ரோத்தான் அடி வாங்கினாள் என்றும் எழுதியிருந்தார். பேசுவதுபோலவே எழுதியிருந்தார். அப்போது நாங்கள் புதுப்புலவர்கள். சிவப்பு மையால் திருத்தினோம். மங்கைக் கிண்ணம் ஆக்கினோம். ரோத்தானைப் பிரம்பு ஆக்கினோம். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றிருந்தமையால், துதிக்கை போல் வளைந்த பழைய லையையும் ணையையும்கூட விட்டுவைக்கவில்லை. ஒருவர் திருத்த, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் அடியில் அறிவுரை எழுதினார். அதனை அப்படியே உறையிலிட்டு அம்மையாருக்கே திருப்பி அனுப்பினோம். உதவி செய்வதாகவே எண்ணினோம்.

அடுத்த மடல் இரண்டு மாதம் கழித்து வந்தது. தோட்டத்துப் பள்ளி ஆசிரியரின் கையெழுத்து. 'அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய அவா' என்று தொடங்கியது. பிழை ஒன்றும் இல்லை. மழையும் இல்லை, தங்கையும் இல்லை.

மறு ஆண்டு பேராசிரியர் எங்களுக்கு ஒரு பணி தந்தார். "உங்கள் தோட்டத்துப் பேச்சை விளக்கி எழுதி வாருங்கள்" என்றார். கங்காணிமார் தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து திரட்டிய மக்கள் ஒரே லயத்தில் வாழ்ந்து, தம் பல கிளைவழக்குகளைக் கலந்து, மலாயிலும் பிற மொழிகளிலும் வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆக்கிய பேச்சு அது. அத்தகைய ஆய்வுக்கு உயிர்த்துணை தகவலாளி. எங்களுக்கு நன்கு தெரிந்த தகவலாளி அம்மையார்தாம். பெரட்டுக்களத்தில், நிரையில், பால் நிறுக்குமிடத்தில் வழங்கும் சொற்களையெல்லாம் எழுதியனுப்புமாறு வேண்டினோம். ஆசிரியர் கையெழுத்திலேயே மறுமொழி வந்தது. 'அவையெல்லாம் பிழையான சொற்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். படித்த பிள்ளைகளுக்கு அவை எதற்கு?'

எங்களுக்குள் ஒருவரையொருவர் தகவலாளியாகக் கொண்டு அட்டைகளில் நினைவிலிருந்து எழுதினோம். மதிப்பெண் நன்றாகவே கிடைத்தது. ஆயினும் இருபது வயது ஆண்பிள்ளைகள் அறிந்த சொற்களே அவ்வட்டைகளில் உண்டு. விடியலில் தலையில் விளக்குக் கட்டி மரத்தடிக்குச் சென்ற பெண்கள் தமக்குள் பேசியவை அவற்றில் இல்லை. பின்னர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் இடிபட்டன, பேசியவர்கள் நகரங்களுக்குச் சிதறினர்.

ஆசிரியப் பெருமக்கள் முன்னே இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேர்வுத்தாளில் மங்கு என்று எழுதும் மாணவரைத் திருத்தத்தான் வேண்டும். நூல்வழக்கைக் கற்பிப்பது நம் கடமை. அச்சொல்லை அடித்துவிட்டுக் கிண்ணம் என்று எழுதுவது ஒரு முறை. அடிக்காமல், இது வீட்டுச் சொல், கட்டுரையில் கிண்ணம் என்று எழுது எனக் குறிப்பது மற்றொரு முறை. இரண்டாவதற்குச் சற்று மிகுதியான மை செலவாகும். 'வீட்டுச் சொல்' என்று குறிக்காமல் 'கொச்சை' என்று குறித்தால், முதல் முறைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இன்று மெல்பர்னுக்கும் சென்னைக்கும் பயிலச் செல்லும் மாணவர்களைச் சந்திக்கும்போது, உங்கள் பேச்சைக் கேட்டு எவரேனும் சிரித்தால் அச்சொல்லை அன்றே ஓர் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள் என்கிறோம். சிரிக்கப்படும் இடத்தில்தான் கிளைவழக்கின் எல்லைக்கோடு ஓடுகிறது. கள ஆய்வுக்கு அதனினும் மலிவான கருவி இல்லை.

1984இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்துவிட்டு, அதே கப்பலில் திரும்பினோம். மறு ஆண்டு பிப்ரவரியில் அக்கப்பல் தீப்பற்றிப் பயணத்தை நிறுத்திக்கொண்டது. பினாங்குத் துறையில் மூவர் வீட்டாரும் காத்திருந்தனர். அம்மையார் நல்ல சேலை உடுத்தி, சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அருகில் வந்ததும் ஆசிரியரிடம் பாடம் ஒப்பிப்பவர்போல், "மூவரும் காலை உணவு அருந்தினீர்களா?" என்று கேட்டார்.

எங்களுக்கு உடனே மறுமொழி வரவில்லை. பிறகு, "இன்னும் பசியாறலம்மா" என்றோம். அவர் எங்கள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப வாங்க, மங்குல சோறு கொண்டாந்திருக்கேன்" என்றார்.