ஆயனின் குரல் கேட்ட நீலகண்டன்

(பங்குப் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"ஆயனைப் பின்பற்றுதல்" என்ற தலைப்பில் பேச வேண்டுமென்று பங்குத்தந்தை பணித்தார்கள். எனக்குச் சற்றுத் தயக்கந்தான். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் வாழுகிற நமக்கு ஆடு தெரியும். ஆனால் நாம் அறிந்த ஆடு, உப்புப் போட்டு மடித்து, கட்டுக் கட்டாக வந்து இறங்குகிற தோல்தானே! என் தகப்பனார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அங்கே தோலை விரித்து, கையால் தடவி, முள் கீறல் எங்கே, அம்மைத் தழும்பு எங்கே, கத்தி பட்ட இடம் எங்கே என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறை இருந்தால் விலை குறையும். வியாபாரத்தில் அது சரியே. ஆனால் நல்ல ஆயன் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அடிபட்ட ஆட்டைத் தோளில் தூக்குகிறார்.

அந்த ஆயனின் குரலைக் கேட்டு எழுந்து நடந்த ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறார். அவரே புனித தேவசகாயம்.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் அவர் பிறந்தார். நீலகண்டன் என்பது பெற்றோர் இட்ட பெயர். உயர்ந்த குலம், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் உத்தியோகம். வாழ்க்கையில் குறை ஒன்றுமில்லை. பிறகு துன்பம் வந்தது. பொருள் நஷ்டமும் கால்நடை இழப்பும் அவர் மனத்தை வாட்டின. அப்போது அவருக்கு நண்பராயிருந்தவர் டி லன்னாய். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தந்த டச்சுத் தளபதி. அவர் நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத மனிதனின் கதை அது. வாடிய மனத்தில் அது விதையாக விழுந்தது.

1745 மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கி, தேவசகாயம் என்று அழைத்தார்கள். கடவுளே துணை என்பது அதன் பொருள். அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார்.

அன்பர்களே, மனமாற்றம் அந்தத் தண்ணீரோடு முடிந்துவிடவில்லை. தேவசகாயம் தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். அந்நாளில் அது எவ்வளவு பெரிய குற்றம்! 1749-இல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். எருமை மீதேற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்தார்கள், புண்ணில் மிளகாய்ப் பொடி தூவினார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை என்றார்கள். அவர் விடவில்லை. 1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக உயிர் துறந்தார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2012-இல் அருளாளர் பட்டம், 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கையால் புனிதர் பட்டம். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. பட்டம் பெற்றபோது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதோடு நான் முடித்திருந்தால் உங்களுக்கும் இனிமை, எனக்கும் இனிமை. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்துக்குள், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவே சுவர் எழுப்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. புனிதர் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே இப்படி என்றால், நாம் நம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

என் தகப்பனார் கோவிலில் எப்போதும் கடைசித் தூணருகேதான் நிற்பார். "முன்னாலே போய் உட்காருங்களேன் அப்பா" என்பேன். "கையிலே வாடை போகலடா" என்பார். ஒருமுறை அவர் பக்கத்தில் அமர்ந்தவர் எழுந்து வேறிடம் போனதை நான் கண்ணால் கண்டேன். எந்தக் கோவில், யார் என்பது இப்போது வேண்டாம். அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது. அந்தக் கை போன்ற கைகள் கொடுத்த காணிக்கையில்தான் இந்தக் கோவிலும் எழுந்தது.

இன்றோ ஷூ கம்பெனிகளில் நம் பெண்கள் தைக்கிறார்கள். தோல் வேலைக்கு வடநாட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அவர்களைத் தேடி அழ இங்கே யார் இருந்தார்கள்? வேறு தொழுவத்து ஆடுகளும் தமக்கு உண்டு என்றவர் நம் ஆயன். அவர்கள் நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள், நாம் பெயர் கேட்டதுண்டா?

பொன்விழாவுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம், கொடிமரம் புதுப்பித்தோம். மகிழ்ச்சி. அடுத்த ஞாயிறு ஒரு சிறு காரியமும் செய்வோம். கடைசித் தூணருகே நிற்கிறவரின் கையைப் பிடித்து, நம் பக்கத்தில் அமர்த்துவோம். ஆயனைப் பின்பற்றுவது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.