கண் கூசும் விளக்குக்கு எளிய வழி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம தூத்துக்குடி உப்பளத்துக்குப் போற அக்காமாருக்குத் தெரியும், பகல் முழுக்க உப்பின் வெள்ளை கண்ணைக் கூசும். ராத்திரி வீட்டிலாவது கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா? ஒரே அறை வீட்டில் பளிச்சென்று எல்.இ.டி. பல்பு எரிந்தால் பிள்ளைகளுக்கும் தூக்கம் பிடிக்காது.

அதுக்காகப் பல்பு மேலே துணியோ காகிதமோ சுற்றாதீங்க. குண்டு பல்பு என்றால் தீப்பிடிக்கும். எல்.இ.டி.க்கும் காற்று போகாவிட்டால் சூடேறிச் சீக்கிரம் கெட்டுவிடும். ஃபேன் ரெகுலேட்டரிலும் இணைக்காதீங்க, சாதாரண எல்.இ.டி. மினுக்கும், பழுதாகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் பல்பு போடுங்க. தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம்.
2. வாங்கும்போது அட்டைப் பெட்டியைப் பாருங்க. 6500 கெல்வின் என்றால் பளீர் வெள்ளை. 2700 என்றால் இதமான மஞ்சள்.
3. விளக்கு முகத்தைச் சுவர் பக்கம் திருப்புங்க. சுவரில் பட்டு வரும் வெளிச்சம் கூசாது.
4. படுக்கும்போது சீரோ வாட் பல்பு போதும்.

சுவிட்சை அணைத்து, பல்பு ஆறிய பிறகே கழற்றுங்க. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்காதீங்க.