விற்கவும் ஒரு படிப்பு

பேட்டை என்றாலே வணிகம் நடக்கும் ஊர். நம் திருநெல்வேலிப் பேட்டையைச் சுற்றிலும் தாமிரபரணிப் பாசனம். நெல்லும் வாழையும் விளைவிக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 நெல், இட்லிக்கடை வரை பேர் பெற்றது.

விற்பதில்தான் தோற்கிறோம். அறுவடை நாளில் விலை ஏன் சரிகிறது? கிடங்கில் வைத்தால் வாடகையும் வட்டியும் போக என்ன மிஞ்சும்? வாழைத்தாரை வெளியூருக்கு அடிபடாமல் எப்படிச் சேர்ப்பது? இதையெல்லாம் சொல்லித்தரவே கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுகள். எம்.பி.ஏ.வும் உண்டு. கணக்கில் கெட்டிக்காரியான ஒரு விவசாயி மகளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தோன்றவில்லை.

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பின் பெயரையும் காதில் போட்டு வையுங்கள்.