சாவி யார் கையில்?



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! அன்புக்குரிய இளைஞர்களே!

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் கையடக்கத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "மௌலவி, இதக் கொஞ்சம் பாருங்க. என்ட சல்லிய எனக்கே தருதில்ல" என்றார்.

நடந்தது இதுதான். கடவுச்சொல்லை மாற்றும்படி வங்கியின் செயலி கட்டாயப்படுத்தியிருக்கிறது. அவரும் மாற்றியிருக்கிறார், மாற்றியதை மறந்துவிட்டார். மூன்று முறை பிழையாக அழுத்தியதும் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. அதைத் திறப்பதற்கான இரகசிய இலக்கமோ அவருடைய தொலைபேசிக்கு வரவில்லை. கணக்கை அமைத்துக் கொடுத்த மகன் தன்னுடைய இலக்கத்தையே அதில் பதிந்திருந்தான். அவன் கட்டாருக்குத் தொழிலுக்குச் சென்று இரண்டு வருடங்களாகின்றன. அந்தச் சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. வங்கி திறக்கத் திங்கட்கிழமையாகும். மனைவிக்கு மருந்து வாங்கும் பணம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. அவர் முகத்தில் நான் கண்டது கோபத்தை மட்டுமல்ல. மகன் வயதுடைய என்னிடம், தம் சொந்தப் பணத்துக்காக உதவி கேட்டு நிற்க நேர்ந்த வெட்கத்தையும் கண்டேன்.

அன்பானவர்களே! இத்தகைய கோபம் நியாயமற்றதா? முற்றிலும் அப்படிச் சொல்ல முடியாது. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், அதில் இலக்கமும் குறியீடும் கலந்திருக்க வேண்டும் என்ற விதிகளைப் பரப்பியதில், அமெரிக்கத் தேசிய தர நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டலுக்குப் பெரும் பங்குண்டு. அதனை எழுதிய பில் பர் என்பவரே, தாம் எழுதியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் கூறினார். வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஓர் உண்மையைக் காட்டினர். ஒருவரின் பழைய கடவுச்சொல் தெரிந்தால், நூற்றுக்குப் பதினேழு கணக்குகளில் புதியதை ஐந்துக்கும் குறைவான முயற்சிகளில் ஊகித்துவிடலாம். ஏனெனில், கட்டாயப்படுத்தப்படும் மனிதன் பழைய சொல்லின் இறுதியில் 1ஐ அழித்துவிட்டு 2ஐப் போடுகிறான். அதே அமெரிக்க நிறுவனம், காலத்துக்குக் காலம் மாற்றும்படி கட்டாயப்படுத்தலாகாது என 2025இல் திட்டவட்டமாக விதித்தது. கடவுச்சொல் பிறர் கைக்குப் போனதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் கட்டாயம் மாற்றச் செய்ய வேண்டும்.

ஆயினும் பூட்டின் மீதே பகை கொள்ளாதீர்கள். திருடன் இன்று விரல்களால் ஒவ்வொன்றாக முயல்வதில்லை. இயந்திரத்தை வைத்து ஓயாமல் முயல்கிறான். சில தவறுகளுடன் கதவு அடைபடுவது அவனைத் தடுப்பதற்கே. நம்மைச் சினமூட்டும் அதே பூட்டுத்தான் நம் வீட்டுப் பணத்தையும் காத்து நிற்கிறது.

பெற்றோர்களே! கோபத்தில் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே சொல்லை வைத்துவிடாதீர்கள். ஒன்று களவு போனால் அனைத்தும் போகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக அமையுங்கள். மறந்துவிடுவோம் என்று அஞ்சினால் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள். தொலைபேசியின் பின்புறம் ஒட்டி வைக்காதீர்கள். மின்னஞ்சலுக்கு வைக்கும் சொல் மிக உறுதியானதாக இருக்கட்டும். ஏனைய பல கணக்குகளின் கதவுகளும் அதன் வழியாகவே திறக்கின்றன. கணக்கு பூட்டப்பட்டால், இணையத்தில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஓர் இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கே அழையுங்கள். உங்களுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உறவினர் பெயரில் வட்ஸ்அப்பில் செய்தி வந்தாலும் சரியே. அந்த உறவினரின் கணக்கே களவாடப்பட்டிருக்கலாம்.

இளைஞர்களே! உங்களிடம் சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறேன். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கணக்குகளை அமைத்துக் கொடுப்பவர்கள் நீங்கள். அவசரத்தில் உங்கள் இலக்கத்தையும் உங்களுக்குப் பிடித்த கடவுச்சொல்லையும் போட்டுவிட்டுப் போகிறீர்கள். ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்த மேசன் அதன் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் போவதை ஒப்புக்கொள்வீர்களா? சாவி ஓர் அமானத். அதை உரியவரிடம் ஒப்படைப்பது கடமை. நீங்கள் கைவிட்ட தொலைபேசி இலக்கம் நாளை அந்நியர் ஒருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் வாப்பாவின் இரகசிய இலக்கம் அவர் கைக்குப் போய்ச் சேரலாம்.

ஆகவே, வெளிநாடு செல்லுமுன் அவர்களுடைய சொந்த இலக்கத்தைப் பதிந்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவர்களே தெரிவு செய்யட்டும். ஒரு தடவை அவர்கள் கையாலேயே திறக்கச் செய்து பாருங்கள். அவர்கள் நான்காம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தபோது அவர்கள் எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு வேண்டிய மருந்து அன்று கடனாகக் கிடைத்தது. திங்கட்கிழமை அவர் வங்கிக்குச் சென்று தம் இலக்கத்தைப் பதிந்துகொண்டார். நானோ அந்த வெள்ளி இரவே என் வாப்பாவின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவருடைய மின்னஞ்சலில் பதிந்திருந்ததும் என்னுடைய இலக்கம்தான். பிறருக்குச் சொல்லுமுன் எனக்கே அதைத் திருத்த வேண்டியிருந்தது.

இன்றிரவு நீங்களும் உங்கள் பெற்றோர் அருகில் பத்து நிமிடங்கள் அமருங்கள். சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அமானிதங்களைப் பேணி, பெற்றோரின் மனங்குளிர நடக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.