கையைப் பிடித்து எழுதும் முதல் எழுத்து

(கொல்கத்தா லேக் கார்டன்ஸில், மழலையர் கல்விப் பணியாளரிடையே ஆற்றிய உரை)



இந்நகரில் வாழும் தமிழ்க் குழந்தைக்குக் கலைமகள் ஆண்டில் இருமுறை வருகிறாள்: நவராத்திரி இறுதியில் நம் இல்லங்களுக்கு, வசந்த பஞ்சமியன்று லேக் கார்டன்ஸின் பந்தல்களுக்கும் பள்ளிகளுக்கும்.

அப்பஞ்சமியன்று வங்காளிகள் 'ஹாத்தே கோரி' நடத்துகின்றனர். கையில் சுண்ணக்கட்டி என்பது அதன் பொருள். பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரல்களைத் தம் கைக்குள் அடக்கி, சிலேட்டில் ஓர் எழுத்தை எழுதுவிக்கிறார். விஜயதசமியன்று நாம் அரிசியில் எழுதுவிப்பதும் இதுவே. பூசை முடியும்வரை மூத்த பிள்ளைகள் நூல்களைத் தொடுவதில்லை. (படிப்பினின்று விடுதலை தரும் கல்வித் திருநாள்! இத்தேவியிடம் சிறார்க்குள்ள பற்றுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.)

சடங்கு கேட்பது ஓர் எழுத்தே என்பதைக் கவனியுங்கள். மறுநாள் முதல் ஒரு பக்கம் கேட்பவர் நாம். மூன்று வயது விரல்களின் சிறுதசைகள் அதற்கு முதிர்ந்திருப்பதில்லை. மணலில் கோடிழுத்தலும், களிமண் பிசைதலும், மணி கோத்தலுமே அவ்விரல்களுக்குரிய பாடம். 2022இல் வெளியான அடிப்படை நிலைக் கலைத்திட்டக் கட்டமைப்பும் விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்துகிறது. எனினும், பெற்றோர் நிரம்பிய குறிப்பேட்டையே காண விரும்புகின்றனர். இவ்விழாவுக்கு அவர்களே நம்மிடம் வருகின்றனர். விளக்குவதற்கு அதனினும் நல்ல நாள் வாய்க்காது.

மற்றொன்று. அடுக்குமாடிக் குடும்பத்தாரின் பிள்ளையும், அவ்வீட்டில் பணிபுரிபவரின் பிள்ளையும் ஒரே பாயில் அமரும் நிலையங்கள் உண்டு. அங்கே மஞ்சள் உடையைக் கட்டாயமாக்கினால், விழாவன்று வராத குழந்தை எதுவென்று நீங்களே அறிவீர்கள். ஒரு முழ மஞ்சள் நாடா போதும். வேற்றுச் சமயக் குழந்தைகளும் நம்மிடம் உள்ளனர். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோர் இசைவின்றிச் சிறாரை வழிபாட்டில் பங்கேற்கச் செய்யலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. ஆனால் பூத் தொடுப்பதற்கும், கோலமிடுவதற்கும், சிலேட்டில் எழுத்தொன்று கிறுக்குவதற்கும் எச்சமயமும் குறுக்கே நில்லாது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. பூசைப் பிரசாதம் கிச்சுரி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் அன்றாடம் கொதிப்பதும் பெரும்பாலும் அதுவே. மக்கள் அவற்றைக் 'கிச்சுரிப் பள்ளி' என்றே அழைப்பதுண்டு. அன்று மட்டும் பட்டாணியும் காலிஃபிளவரும் சற்றுக் கூடுதலாகச் சேரட்டும்; பரிமாறும் இலைகளைக் குழந்தைகளே எடுத்துக் கொடுக்கட்டும்.