அரை நிலா நாள்

பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கப் போனால், "ஐந்நூறு மடங்கு பெரிசாத் தெரியும் சார்" என்பார் கடைக்காரர். மயங்கிவிடாதீர்கள். கேட்க வேண்டியது முன்பக்க லென்ஸின் விட்டம். மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. 60 மில்லிமீட்டர் லென்ஸில் 120 மடங்கைத் தாண்டினால் காட்சி கலங்கிப்போகும். முக்காலி கனமாக இருக்கட்டும். நான் முதலில் வாங்கியதில், மூச்சு விட்டாலே சனி கிரகம் ஓடிவிடும்!

சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

முதல் நாள் மொட்டைமாடியில் நிலாவைப் பாருங்கள். பௌர்ணமி வேண்டாம், கண் கூசும், மேடுபள்ளம் தெரியாது. அரை நிலாவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில், பள்ளங்களுக்குள் நிழல் மை ஊற்றியதுபோல் நிற்கும். அப்புறம் வியாழன். பக்கத்தில் நான்கு புள்ளிகள், 1610-இல் கலிலியோ கண்ட அதே நிலாக்கள். படம் வரைந்துவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் இடம் மாறியிருக்கும்.