பழைய டிராக்டர் வாங்குமுன் உரிமை பாருங்கள்
(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியனாகிய நான் விதை, உரம், களை பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று பழைய டிராக்டர் வாங்குவது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். வெளியூரில் முன்பின் அறியாதவரிடம், கைப்பேசியில் படம் பார்த்து வண்டி வாங்கும் காலம் இது. எஞ்சின் புகைகிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்று பார்க்கிறோமா?

என் சித்தப்பா பார்க்கவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து, 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு டிராக்டர் வாங்கி வந்தார். சம்பா நடவுக்குச் சேற்றுழவு நடக்கும்போது, கடன் கொடுத்த நிறுவனத்தார் வந்து வண்டியைக் கொண்டு சென்றனர். விற்றவர் தவணை கட்டாமல் விட்டிருந்தார். பணம் போயிற்று, நடவும் பிந்திற்று. நகையை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. இது உங்களுக்கு நேரக் கூடாது.

விற்பவர் யார்?

ஆர்.சி. புத்தகத்தின் மூலத்தைக் கேளுங்கள், நகல் போதாது. அதிலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அப்பா பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார்" என்றால், வாரிசுதாரர் படிவம் 31 கொடுத்து முதலில் தம் பெயருக்கு மாற்றட்டும். பிறகு விலை பேசலாம். பெயர் மாற்றாமலே இரண்டு மூன்று கை மாறிய வண்டியையும் அப்படியே வாங்க வேண்டாம்.

பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும். எனினும் பதிவு நாள், பதிவு அலுவலகம், காப்பீட்டுக் கெடு முதலியவற்றை ஒப்பிடலாம்.

எண்கள் பொருந்துகின்றனவா?

வண்டியை நேரில் பாருங்கள். கிரீசையும் சேற்றையும் துடைத்து, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும், அதைப் பத்திரப்படுத்துங்கள். அராவிய தடமோ, மறுபடி குத்திய தடமோ தெரிந்தால் விலகிவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண்ணும் தனிப் புத்தகமும் உண்டு. அதையும் மறவாமல் கேளுங்கள்.

கடன் தீர்ந்ததா?

புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கி அல்லது நிறுவனத்தின் பெயர் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி, அவர்கள் இசைவின்றிப் பெயர் மாற்ற இயலாது. "கட்டியாயிற்று" என்ற வாய்ச்சொல் செல்லாது. நிலுவை இல்லை என்ற கடிதமும், அவர்கள் ஒப்பமிட்ட படிவம் 35ம் வேண்டும். பாக்கி இருந்தால் விற்பவரோடு அந்தக் கிளைக்கே சென்று, பாக்கித் தொகையைக் கடன் கணக்கில் நேராகக் கட்டி ரசீது பெறுங்கள். மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள்.

பெயர் மாற்றம்

விற்பவரிடம் படிவம் 29, 30 ஆகியவற்றில் ஒப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பிற மாநில வண்டியானால், பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, தேவை. காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

விற்கும் உழவர்களுக்கும் ஒரு சொல். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை விற்றுப் பணம் வாங்கியதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது.

இவற்றைப் பார்க்குமுன் முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னொருவர் கேட்கிறார், இன்றே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த வண்டி அவருக்கே போகட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

நூறு விதையை ஈரச் சாக்கில் வைத்து முளைப்பு பார்த்த பிறகுதானே வயலில் விதைக்கிறோம்? சில ரூபாய் விதைக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் பல லட்ச ரூபாய் டிராக்டருக்கும் காட்டுங்கள்.